அங்கே சுவை, இங்கே போதை

போன மாதம் ஒரு கருத்தரங்குக்காக நாங்கள் ஐந்து பேர் பெங்களூரு போனோம். ஐவரும் செம்பாக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஒரு மாடி அறையில் கூடி வாசிப்பு வட்டம் நடத்துகிறவர்கள். கருத்தரங்கு முடிந்த இரவு, அங்கே மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் எங்கள் கல்லூரித் தோழர் ஒருவர், "ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு காட்டுறேன், வாங்க" என்று ஒரு பப்புக்கு அழைத்துப் போனார். கடைக்குள்ளேயே பீர் காய்ச்சி விற்கிற பப். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆளுயரத்துக்கு மேல் எவர்சில்வர் கலன்கள் பளபளத்தன. 2010-க்குப் பிறகு பெங்களூரில் வேர்பிடித்த 'கிராஃப்ட் பீர்' கலாச்சாரம் அது.

நாங்கள் கேட்டது ஆம்பர் ஏல். பரிமாற வந்தவருக்குத் தமிழ் தெரிந்திருந்தது. பொறுமையாக விளக்கினார். பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து, அதில் ஒரு பங்கைக் கூடுதலாக வறுப்பார்கள். அந்தச் செம்பழுப்பு நிறம் அதிலிருந்து வருகிறது. கசப்பு, ஹாப்ஸ் என்ற கொடியின் பூவிலிருந்து. ஏலுக்குப் போடும் ஈஸ்ட் மிதமான சூட்டில் நுரைக்கும், லாகருக்குப் போடுவது குளிரில் நிதானமாக வேலை செய்யும். ஆல்கஹால் ஐந்து சதவீதம் அளவில் இருக்கும். கடைசியாக ஒன்று சொன்னார்: "மூக்குக்குக் கிட்ட கொண்டு போங்க சார். அப்புறம் மெதுவா ஒரு வாய். இது கிக்குக்குக் குடிக்கிறது இல்ல, டேஸ்ட்டுக்குக் குடிக்கிறது."

நான்கு பேர் குடித்தோம். பொய் சொல்ல மாட்டோம், நன்றாகத்தான் இருந்தது. கருப்பட்டிப் பாகில் தண்ணீர் விட்டது போன்ற நிறம். முதலில் வறுத்த தானிய வாசம், நடுவில் லேசான இனிப்பு, தொண்டையில் இறங்கும்போது வேப்பங்கொழுந்தின் மெல்லிய கசப்பு. ஐந்தாவது தோழர் எலுமிச்சை சோடா வாங்கிக்கொண்டார். அவருடைய அப்பா கட்டட வேலைக்குப் போனவர். குடியில் கல்லீரல் கெட்டு 44 வயதில் இறந்தார். அந்த இரவு முழுக்க அந்தத் தோழர் ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தார்.

எங்களில் இளையவர் முதுகலை படிக்கிறார். கிளாஸைக் கையில் பிடித்துப் படம் எடுத்து, "இதுவும் விடுதலைதான். ஜெய்பீம்" என்று ஸ்டேட்டஸ் போட்டார். காலையில் ரயிலில் வரும்போது இரண்டு பதில்கள் வந்திருந்தன. ஒன்று, பள்ளியில் கூடப் படித்த ஆதிக்கச் சாதிப் பையனிடமிருந்து: "கோட்டாவுல படிக்கிறவனுக்கு கிராஃப்ட் பீர் கேக்குதா? உங்க ஏரியா கடை பத்தாதா?" இன்னொன்று, எங்களுக்கெல்லாம் அம்பேத்கரைச் சொல்லிக்கொடுத்த எங்கள் தெருப் பெரியவரிடமிருந்து: "இதுக்காடா தம்பி பாபாசாகேப் பாடுபட்டாரு?"

முதல் பதில் அவருக்குக் கோபத்தைத் தந்தது. இரண்டாவது அழ வைத்தது. அதற்குப் பிறகு மூன்று ஞாயிறுகள் எங்கள் மாடி அறையில் இதே பேச்சுதான். எங்களுக்குள் சண்டையே வந்தது. அந்தச் சண்டையில் நாங்கள் எங்கே வந்து நின்றோம் என்பதை, இதே கேள்வியோடு இருக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறோம்.

முதலில், கோட்டா என்று கேட்டவருக்கு

இந்தியாவில் யார் கையில் எந்தக் கிளாஸ் இருக்கிறது என்பது எந்தக் காலத்திலும் சின்ன விஷயமாக இருந்ததில்லை. 1927 மார்ச்சில் மகாட் சவுதார் குளத்தில் அம்பேத்கர் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்ததற்கே கலவரம் செய்தார்கள். நம் செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த ரெட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலையில் நடக்கவும் பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்பதற்கே 1924-இல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. தேநீர்க் கடையில் நமக்குக் கொட்டாங்குச்சி நீட்டினார்கள். பிறகு அது இரட்டைக் குவளையாக மாறியது. சட்டம் வந்ததும் சில ஊர்களில் நமக்கு மட்டும் பிளாஸ்டிக் கப்பாக மாறியது. குவளை மாறினாலும் கணக்கு மாறவில்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியிலேயே மலத்தைக் கலந்தார்கள்.

இந்த வரலாறு தெரிந்துதான் அரசியல் சட்டத்தின் 15-ஆவது கூறு, இரண்டாம் உட்பிரிவில், கடைகள், பொது உணவகங்கள், தங்கும் விடுதிகள், பொதுக் கேளிக்கை இடங்கள் என்று பெயர் சொல்லி எழுதப்பட்டது. அதே மூச்சில் கிணறு, குளம், சாலை ஆகியவையும் சொல்லப்பட்டன. தண்ணீரும் தேநீரும் பப்பும் அந்த ஒரே வரிசையில்தான் வருகின்றன. எங்கள் தோழர் தன் காசில், தன் வயதில், சட்டப்படி திறந்திருந்த கடையில் உட்கார்ந்து குடித்தார். அதற்கு எவரிடமும் அவர் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இந்த எரிச்சல் குடியைப் பற்றியதே அல்ல. 2012-இல் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ், தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டு மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசியது நினைவிருக்கிறதா? அந்த ஆண்டு நவம்பர் 7-ஆம் தேதி தர்மபுரியில் நாயக்கன்கொட்டாயை ஒட்டிய நம் குடியிருப்புகள் எரிந்தன. எரிக்கப்பட்ட வீடுகளில் பீரோவும் பைக்கும் தேடித்தேடி நாசமாக்கப்பட்டன. நாம் கந்தலில் இருந்தால் அழுக்கன், நல்ல சட்டை போட்டால் மயக்குகிறவன். தெருவில் நின்று குடித்தால் குடிகாரன், மேசையில் உட்கார்ந்து குடித்தால் திமிர் பிடித்தவன். எப்படி இருந்தாலும் குற்றம் என்றால், குற்றம் நம் நடத்தையில் இல்லை என்று பொருள். இவருக்கு இதற்கு மேல் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை.

சுவை என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது?

இரண்டாவது கேள்விதான் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது. "கிக்குக்கு இல்ல, டேஸ்ட்டுக்கு" என்று அந்தப் பரிமாறும் தோழர் சொன்னாரே, அது அவருக்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட வாசகம். அவர் மேல் தவறில்லை. ஆனால் அந்த ஒரு வரிக்குள் இரண்டு கூட்டம் பிரிக்கப்படுகிறது. சுவை அறிந்து அருந்துகிறவர்கள் ஒரு பக்கம், போதைக்கு விழுங்குகிறவர்கள் மறுபக்கம். அந்த மறுபக்கத்தில் நிற்பவர் யார் என்று நமக்குத் தெரியும். நம் அப்பா, மாமா, பக்கத்து வீட்டு அண்ணன்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். நாங்கள் குடித்த ஆம்பர் ஏல் 330 மில்லி என்று வைத்துக்கொண்டால், அதில் இருந்த ஆல்கஹால் சுமார் 16 மில்லி. இங்கே விற்கும் குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம் என்று லேபிளிலேயே போட்டிருக்கும். அதாவது 77 மில்லி ஆல்கஹால். ஒரு குவார்ட்டர் என்பது நாலரை கிளாஸ் ஆம்பர் ஏலுக்கும் மேல். விலையோ தலைகீழ். அங்கே ஒரு கிளாஸுக்குக் கொடுத்த பணத்தில் இங்கே இரண்டு குவார்ட்டர் வாங்கலாம். நாள் முழுக்கச் செங்கல் சுமந்தவர், கால்வாய் தூர்வாரியவர், தன் கையில் மிஞ்சும் நூற்றைம்பது ரூபாய்க்கு எதை வாங்குவார்? அவருக்கு நாக்கு இல்லாமல் போகவில்லை. அவர் காசுக்கு இந்தச் சந்தை விற்பது அது ஒன்றைத்தான்.

அது எப்படிப்பட்ட பொருள் என்றும் பாருங்கள். இங்கே பிராந்தி என்று விற்பதில் பெரும்பகுதி, சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து எடுத்த ஸ்பிரிட்டில் நிறமும் மணமும் சேர்த்தது. திராட்சைக்கும் அதற்கும் உறவு லேபிளில் மட்டும்தான். அதைக் குடிக்கும் இடம் எப்படி இருக்கிறது? கண்ணாடிக் கோப்பை இல்லை, நாற்காலி இல்லை. ஒரு பிளாஸ்டிக் டம்ளர், ஒரு வாட்டர் பாக்கெட், ஒரு ஊறுகாய்ப் பொட்டலம், பக்கத்தில் சாக்கடை. ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு நகர வேண்டும், அடுத்த ஆள் காத்திருக்கிறார். இப்படிக் குடிக்க வைத்துவிட்டு, "இவங்களுக்குக் குடிக்கவே தெரியாது" என்கிறார்கள். மூக்குக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்க, முகரத் தகுந்த பொருளும், உட்காரத் தகுந்த இடமும், அவசரமில்லாத ஒரு மணி நேரமும் வேண்டும். சுவை என்று அவர்கள் சொல்வது இந்த மூன்றும் சேர்ந்தது. மூன்றையும் பறித்துவிட்டு நாக்கைக் குறை சொல்வது அயோக்கியத்தனம்.

இன்னொரு உண்மை. இங்கிலாந்தில் ஏல் என்பது பல நூற்றாண்டுகளாக உழவனும் கூலிக்காரனும் அன்றாடம் குடித்த பானம். பிரபுக்கள் திராட்சை மது குடித்தார்கள். தென்னிந்தியாவுக்குள் பீர் வந்ததும் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்காகத்தான். 1915-இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இங்கிருந்த சில மது ஆலைகளை ஒன்றாக்கி யுனைடெட் புரூவரீஸைத் தொடங்கினார் என்றால், முதன்மையான வாடிக்கையாளர் படைமுகாமில் இருந்த சாதாரணச் சிப்பாய். அங்கே உழைப்பாளியின் பானமாக இருந்தது, கடல் தாண்டி இங்கே வந்ததும் பிரபுவின் பானமாகிவிட்டது.

அதே நேரத்தில் இங்கிருந்த கள்ளுக்கு என்ன ஆயிற்று? பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் இறக்கியது, காற்றில் உள்ள ஈஸ்ட்டில் தானே நுரைத்தது, வடிகட்டாதது, ஆல்கஹால் அளவும் அந்த ஏலுக்குப் பக்கத்தில் வருவது, அன்றன்றைக்கு இறக்கி அன்றன்றைக்கே குடிப்பது. கிராஃப்ட் பீருக்குப் பெருமையாகச் சொல்லும் ஒவ்வொரு குணமும் அதற்கு இருக்கிறது. 1987 முதல் தமிழ்நாட்டில் அது குற்றம். எல்லை தாண்டினால் கேரளத்தில் கடை வைத்து விற்கலாம், புதுச்சேரியில் விற்கலாம். இங்கே பனையேறி கலயத்தோடு பிடிபட்டால் வழக்கு. பழைய கள்ளுக்கடையைச் சொர்க்கமாகக் காட்டவும் நாங்கள் தயாரில்லை. தேநீருக்குக் கொட்டாங்குச்சி நீட்டிய ஊர், கள்ளுக்கு மட்டும் நம்மைச் சமமாக உட்கார வைத்திருக்காது. நாங்கள் கேட்பது அளவுகோலைப் பற்றி. ஒரே மாதிரியான இரண்டு பானங்களில் ஒன்று கலை, மற்றது குற்றம் என்று யார் தீர்மானித்தார்கள்?

அரசு எந்தப் பக்கம் நிற்கிறது?

டாஸ்மாக் 1983-இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்டது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கையில். 2023-24 நிதியாண்டில் மது விற்பனையால் அரசுக்கு வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். 2023 ஜூனில் 500 கடைகளை மூடிய பிறகும் 4,829 கடைகள் இருந்தன. அந்தப் பணத்தின் பெரும்பகுதி பப்பில் அமர்ந்து முகர்ந்து பார்ப்பவரிடமிருந்து வரவில்லை. பகல் 12 மணிக்குக் கடை திறக்கும் முன்பே வெளியில் நிற்கிறாரே, அவரிடமிருந்து வருகிறது. அரசு ஊழியரின் சம்பளத்துக்கும், நாம் வாங்கும் உதவித்தொகைக்கும், மேம்பாலத்துக்கும் அவர் கல்லீரலிலிருந்து ஒரு பங்கு போகிறது. பதிலுக்கு அவருக்குக் கிடைத்த பட்டம்: குடிகாரன்.

அந்தக் குவார்ட்டர் விலையும் கட்டுப்படியாகாதவர் இன்னும் கீழே போகிறார். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணத்திலும், நம் மாவட்டத்து மதுராந்தகம் பகுதியிலும் இதே மெத்தனால் சாவுகள். கருணாபுரத்தில் செத்தவர்களில் பெருந்தொகையினர் நம் மக்கள், கூலி வேலை செய்தவர்கள். இழப்பீடாக 10 லட்சம் அறிவித்தபோது, "குடிச்சுச் செத்தவனுக்கு எதுக்கு மக்கள் வரிப்பணம்?" என்று எத்தனை பேர் கேட்டார்கள்! கண் தெரியாமல் துடித்துச் செத்தவர்களைப் பற்றிய கேள்வி அது. பணக்காரர் ஒருவர் குடித்துவிட்டுக் கார் ஓட்டிச் செத்தால் இந்தக் கேள்வி எழுவதில்லை. அவருடைய சாவு விபத்து, நம்முடையது ஒழுக்கக்கேடு.

அப்படியானால் எல்லாக் கடையையும் மூடிவிடு, முழு மதுவிலக்குக் கொண்டுவா என்கிறீர்களா? எங்கள் வட்டத்தில் பாதிப் பேர் அப்படித்தான் தொடங்கினார்கள். மதுவிலக்கின் வரலாற்றையும் பார்த்தோம். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். குடிசையின் மேல் கருணை என்றார்கள். அதே ராஜாஜிதான் 1953-இல் அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்ற குலக்கல்வியைக் கொண்டுவந்தார். சாராயக் கடையை மூடுகிறவர் எல்லோரும் நமக்குப் பள்ளியைத் திறக்கிறவர் இல்லை.

பீகாரைப் பாருங்கள். 2016-இல் முழு மதுவிலக்கு வந்தது. அந்தச் சட்டத்தில் முதலில் தண்டிக்கப்பட்டவர்கள் ஜெகனாபாத்தைச் சேர்ந்த இரண்டு கூலித் தொழிலாளர்கள், உடன்பிறந்தவர்கள், எலி பிடித்து உண்டவர்கள் என்று இழிவுபடுத்தப்பட்ட முசாகர் சமூகத்தவர். 2017-இல் அவர்களுக்கு 5 ஆண்டு சிறை. குஜராத்தைப் பாருங்கள். மாநிலம் உருவானதிலிருந்து மதுவிலக்கு. 2023 டிசம்பரில், காந்திநகரின் கிஃப்ட் சிட்டி என்ற நிதி நகரத்துக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள், அங்கே வேலை செய்வோரும் வந்துபோவோரும் அருந்தலாம் என்று. காந்தி பிறந்த மண்ணின் ஒழுக்கம் பன்னாட்டு முதலீட்டின் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டது. நம் ஊரிலும் 2023-இல் மாநாட்டு அரங்கிலும் விளையாட்டு மைதானத்திலும் மது பரிமாற விதியைத் திருத்தினார்கள். திருமண மண்டபத்தையும் சேர்த்திருந்தார்கள். எதிர்ப்பு வந்ததும் அதை மட்டும் எடுத்தார்கள். கடை திறந்திருந்தால் நம் பணம் போகிறது, மூடினால் நாம் சிறைக்குப் போகிறோம். இரண்டிலும் மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு குறையும் இல்லை.

பெரியவருக்கு

இப்போது எங்கள் பெரியவருக்கு. ஐயா, உங்கள் கேள்வி எங்களைச் சுட்டது. சுட வேண்டிய கேள்விதான்.

1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பாபாசாகேப் தந்த 22 உறுதிமொழிகளில் ஒன்று, மது அருந்த மாட்டேன் என்பது. பௌத்தத்தின் ஐந்தாவது சீலமும் அதுவே. அவருக்கும் அரை நூற்றாண்டு முன்பே, 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசர், பஞ்சசீலத்தை நம் மக்களின் பழைய அறமாகவே மீட்டெடுத்துக் காட்டினார். அவர் சித்த மருத்துவரும்கூட. நம் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. தினமும் அந்தப் பெயர்ப் பலகையைக் கடந்துதான் நாங்கள் மின்சார ரயில் பிடிக்கிறோம். குடியை விடு என்று நம் முன்னோர் சொன்னது, சாதி இந்துவின் நற்சான்றிதழுக்காக அல்ல. நீ சுத்தமானால் உன்னைக் கோயிலுக்குள் விடுவோம் என்ற பேரத்துக்காகவும் அல்ல. தெளிந்த தலையோடு இருந்தால்தான் போராட முடியும், கூலி வீட்டுக்கு வந்தால்தான் பிள்ளை படிக்கும் என்பதற்காக.

அதனால்தான் ஒன்றை மட்டும் உங்களிடம் கேட்கிறோம். உறுதிமொழி என்பது ஒருவர் தானாக எடுப்பது. அதை வைத்து இளையவர்களைக் காவல் காக்கத் தொடங்கினால், பொண்ணு என்ன உடுத்துகிறாள், பையன் எங்கே உட்காருகிறான் என்று எட்டிப்பார்க்கும் ஊர்க்காரர்களுக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லாமல் போகும். திட்டாதீர்கள், எங்களோடு உட்கார்ந்து பேசுங்கள். மூன்றாவது ஞாயிறு நீங்கள் மாடிக்கு ஏறி வந்தது எங்களுக்குப் பெரிய பலம்.

கடைசியாக, நமக்கு

ஸ்டேட்டஸ் போட்ட தோழரே, உங்கள் உரிமைக்காக மேலே அத்தனையும் எழுதினோம். இப்போது உங்களோடு ஒரு சண்டை.

அந்த இரவு நாம் கைகழுவப் போனபோது கழிவறை வாசலில் மாப்போடு நின்ற அக்கா, நம் பேச்சைக் கேட்டு, "தமிழா தம்பி? எந்த ஊரு?" என்று கேட்டார். வேலூர்ப் பக்கமிருந்து அவருடைய அம்மா காலத்திலேயே வந்துவிட்டார்களாம். அம்மாவும் துப்புரவு வேலைதான். அவரும் அதே. இரவு ஒரு மணிக்கு வேலை முடியுமாம், அதற்கப்புறம் ஷேர் ஆட்டோ. நீங்கள் அவரிடம் பேசினீர்கள். ஆனால் ஸ்டேட்டஸில் அவர் இல்லை. நாம் மேசைக்கு வந்துவிட்டோம், அவர் இன்னும் மாப்போடு நிற்கிறார் என்றால், அங்கே நடந்தது விடுதலையா, நமக்குக் கிடைத்த ஒரு நாற்காலியா? நாற்காலி வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கும் ரத்தம் சிந்தியிருக்கிறோம். ஆனால் அதற்கு விடுதலை என்று பெயர் வைத்தால், அந்த அக்காவுக்கு நாம் சொல்லப்போகும் சொல் என்ன?

இன்னொன்று. அந்த மேசையில் நாமும் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டோம்: "நம்ம ஊர்ல குடிக்கிறதெல்லாம் குடியா? இதுதான் குடி." சொன்னது நாம்தான், வேறு யாருமில்லை. சொன்னபோது எலுமிச்சை சோடாவோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் யார் என்று நமக்கு நினைவில் இல்லை. அவருடைய அப்பா சாக்கடை ஓரம் நின்று பிளாஸ்டிக் டம்ளரில் குடித்தவர். நமக்குச் சுவை தெரியும் என்று காட்டிக்கொள்ள, அவர் அப்பாவைக் குடிகாரர் வரிசையில் நிறுத்திவிட்டோம். அந்தப் பப் நம்மிடம் வாங்கிய உண்மையான விலை பில்லில் இருந்தது அல்ல, இதுதான். மூன்றாவது ஞாயிறு அந்தத் தோழர் இதைச் சொன்னார். "எங்கப்பா குடிச்சதும் கசப்புதான்டா. அவருக்கு யாரும் அது என்ன கசப்புன்னு விளக்கிச் சொல்லல." அதற்கு எங்களிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டோம்.

ஆகவே நாங்கள் முடிவு செய்தது இவ்வளவு. எங்கள் வட்டத்தின் கூட்டங்களிலும் பயணங்களிலும் மது இருக்காது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, எல்லோரும் ஒப்புக்கொண்டோம். தனிப்பட்ட முறையில் ஒருவர் என்ன குடிக்கிறார் என்பதை எங்களில் எவரும் கேள்வி கேட்க மாட்டோம். 'குடிகாரன்' என்ற சொல்லை வசையாகப் பயன்படுத்த மாட்டோம்; குடிநோயாளி என்போம், ஏனென்றால் அது நோய், மருத்துவம் உள்ள நோய்.

பேசுவதோடு நிற்கவும் போவதில்லை. 2021 நவம்பரில் செம்பாக்கம் நகராட்சி தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்தபோது, மாநகரத்துக்குள் வந்துவிட்டோம் என்றார்கள். சரி, மாநகரத்துக்கு உரியதைக் கொடுங்கள் என்று மாமன்ற உறுப்பினரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் மனுவோடு போகப்போகிறோம். கேட்கப்போவது மூன்று. ஒவ்வொரு அரசு வட்ட மருத்துவமனையிலும், பெயருக்கு ஒரு அறையாக இல்லாமல், படுக்கையும் மருத்துவரும் ஆலோசகரும் உள்ள இலவசக் குடிநோய்ச் சிகிச்சைப் பிரிவு வேண்டும். அதற்கான பணம் மது வருவாயிலிருந்தே ஒதுக்கப்பட வேண்டும். நம் குடியிருப்புகளை ஒட்டிக் கடை வைக்கும்போது அங்குள்ள பெண்களின் ஒப்புதல் கட்டாயமாக வேண்டும். நெடுஞ்சாலையோரக் கடைகளை அகற்ற உச்சநீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தபோது, கடைகள் குடியிருப்புப் பகுதிகளுக்குள் நகர்ந்தன. எதிர்த்துச் சாலைக்கு வந்த பெண்களில் ஒருவர் 2017 ஏப்ரலில் திருப்பூர் சாமளாபுரத்தில் காவல்துறை அதிகாரியின் கையால் அறை வாங்கினார். அது மறந்துபோகக் கூடாது. மூன்றாவது, விஷச்சாராயச் சாவு நடந்தால் காய்ச்சியவரோடு நிற்காமல், தெரிந்தும் கண்ணை மூடிக்கொண்ட அதிகாரிகள் மேலும் குற்ற வழக்கு வேண்டும். இடமாற்றம் தண்டனை ஆகாது.

தம்பி தங்கைகளே, நாளை உங்களுக்கும் நல்ல வேலை கிடைக்கும். யாராவது ஒரு பப்புக்கு அழைத்துப் போவார்கள். போங்கள், போகாதிருங்கள், அது உங்கள் முடிவு. போனால் தலை குனிந்து உட்காராதீர்கள். அது சட்டப்படி உங்கள் இடம். ஆனால் பக்கத்து மேசைக்காரர் "இது டாஸ்மாக் கூட்டம் குடிக்கிற மாதிரி இல்ல" என்று சிரித்தால், கூடச் சேர்ந்து சிரிக்காதீர்கள். கிளாஸை வைத்துவிட்டு அவருக்கு அந்த 77 மில்லிக் கணக்கைச் சொல்லுங்கள். பிறகு எழுந்து, மாப்போடு நிற்கும் அக்காவிடம் போய் எந்த ஊர் என்று கேளுங்கள்.

ஜெய்பீம்.